கையைக் கடிக்காத டர்ட் பைக்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

மண் பாதையில் ஓட்ட வண்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை சிசி?’ என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, ‘விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்துவீர்களா?’ கற்றுக்கொள்ளும் காலத்தில் வண்டியைக் கீழே போடாதவர் யாரும் இல்லை. வெயிலில், சரிவில், மூன்றாவது முறையாகத் தூக்கும்போதுதான் 40 கிலோ கூடுதல் எடை என்றால் என்னவென்று புரியும். களைத்த பிறகு விழுவதில்தான் அடியும் பலமாகப் படும்.

படி 1: ஓட்டப்போகும் இடத்தை முடிவு செய்யுங்கள்

வண்டிக்கு முன் இடம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். யாரோ யூடியூபில் போட்ட பாதை என்பதற்காக அது பொதுப்பாதை ஆகிவிடாது. மிஞ்சுவது ஊராட்சி மண்சாலைகள், உரிமையாளர் சம்மதித்த தோப்புகள், எஸ்டேட்டுகள், கட்டணம் வாங்கும் ஆஃப்ரோடு மைதானங்கள்.

மைதானத்தை லேசாக நினைக்க வேண்டாம். டக்கார் என்ற, பல நாள் நீளும் கடுமையான மண்பாதைப் பந்தயத்தை 2015இல் நிறைவு செய்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், கர்நாடகத்தின் கோலார் பக்கம் பிக்ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சிக் களத்தை உருவாக்கினார். இப்படிப்பட்ட இடங்களில் வாடகை வண்டியில் ஒருநாள் பயிற்சி எடுத்துப் பாருங்கள். இந்த விளையாட்டு உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்பது லட்ச ரூபாய் கைமாறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

படி 2: இரண்டு சக்கரமா, நான்கா?

சொந்த நிலமும், ஏற்றிச் செல்ல வேனும் இல்லாதவர்கள் ஏடிவியை, அதாவது நான்கு சக்கர மண்பாதை வண்டியை, மறந்துவிடலாம். சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்காது. விதிவிலக்காகப் போலாரிஸ் நிறுவனம் டிராக்டர் வகையில் பதிவு பெறும் ஒரு மாடலைக் கொண்டுவந்தது. அதன் விலையோ 8 லட்சத்தை ஒட்டியது. மலிவாக வரும் பெயர் தெரியாத இறக்குமதி வண்டிகளில் ஒரு பிரேக் கேபிள் அறுந்தாலும் மாற்றுக்கு அலைய வேண்டும். நான்கு சக்கரம் இருப்பதால் பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறு. வளைவில் பைக்கைப் போல உள்பக்கம் சாயாததால், வேகம் கூடினால் ஏடிவி கவிழும். சில நூறு கிலோ ஓட்டுபவர் மேலேயே விழும்.

கவாஸாகி கேஎல்எக்ஸ் 140 போன்ற சின்ன, அசல் டர்ட் பைக்குகளும் இங்கே பதிவுக்கு உரியவை அல்ல. பாதை வரைக்கும் ஓட்டிக்கொண்டே போக வேண்டியவருக்கு நம்பர் பிளேட் உள்ள வண்டிதான் வழி.

படி 3: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 1 லட்சம் இருந்தால் வண்டிக்கு 70 ஆயிரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் காப்பு, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவற்றுக்கு 20 ஆயிரம். மீதி 10 ஆயிரம் முதல் சர்வீசுக்கும் டயருக்கும். பூட்ஸில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சாயும் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டுவது பெரும்பாலும் கணுக்கால்தான்.

படி 4: உயரமும் எடையும்

குறைந்த செலவு என்றால் என் முதல் பரிந்துரை பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019இல் வந்தது. எடை 155 கிலோவைச் சுற்றி, தரை இடைவெளி 220 மி.மீ., முன்சக்கரம் 21 அங்குலம். பாகங்கள் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். மெக்கானிக்குகளுக்கும் பழகிய வண்டி. 2021இல் வந்த நான்கு வால்வு எஞ்சின் இன்னும் மேல், விலையும் மேல். அதற்கு முந்தைய ஹீரோ இம்பல்ஸ் 2011இல் வந்த 150 சிசி வண்டி. இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் உற்பத்தி நின்று பல வருடமாகிறது. நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாருங்கள்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 நெடும்பயணத்துக்கு அருமையான வண்டி. ஏறக்குறைய 200 கிலோ. அதில் மண்பாதை கற்றுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். எக்ஸ்பல்ஸின் இருக்கை சுமார் 825 மி.மீ. உயரம். இரு பாதமும் முழுதாகப் பதிய வேண்டியதில்லை. இரு கால்விரல்களாவது ஊன்ற வேண்டும். பிறகு இறங்கி, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வண்டியை மெல்லப் புல்தரையில் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் உங்கள் நண்பரின் வண்டியில் செய்து பார்க்கலாம்.

படி 5: பழைய வண்டியைச் சோதிப்பது

காலையில் போங்கள். வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் தகராறு செய்வதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

மண்ணில் ஓடும் எஞ்சினுக்கு எமன் தூசி. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கம் அழுக்காக இருப்பது இயல்பு. அதைத் தாண்டி, எஞ்சினுக்குக் காற்று போகும் பக்கத்தில் விரலை விட்டுத் துடையுங்கள். நறநறவென்று மணல் ஒட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் அதைத் தின்றிருக்கின்றன. எனக்கு அந்தப் பேரம் அங்கேயே முடிந்துவிடும். எஞ்சின் ஆயில் காபி கலந்த பால் நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடையில் மூழ்கி எழுந்த வண்டியாக இருக்கலாம்.

அடுத்து முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய். குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஏழெட்டு முறை நன்றாக அழுத்துங்கள். குழாயில் எண்ணெய் வளையம் படிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அது சின்னச் செலவு. விலையில் கழித்துக் கேளுங்கள்.

முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் உட்காருவதுபோல் பிடித்து நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங், மாற்ற வேண்டும். ஹேண்டில் முழுக்கத் திரும்பி முட்டும் இடத்தில் சேசிஸில் ஒரு சிறு இரும்புத் தடுப்பு இருக்கும். அது வளைந்திருந்தாலோ, அங்கே மட்டும் புது பெயின்ட் இருந்தாலோ வண்டி பலமாக மோதியிருக்கிறது. இதற்குப் பேரமே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

ஸ்போக்குகளை ஒரு ஸ்பானரால் வரிசையாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஒன்றிரண்டு என்றால் முடுக்கிக்கொள்ளலாம். பாதிக்குமேல் என்றால் ரிம்மும் நெளிந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் உள்ள கீறல்களை விட்டுவிடலாம். இந்த வகை வண்டியில் கீறலே இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

படி 6: காகிதங்கள்

ஆர்சியில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் கடன், இன்சூரன்ஸ் விவரம் பாருங்கள். கடன் நிலுவை தெரிந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ம் இல்லாமல் முன்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28ம் சேரும். சாலை வரி தனியே வரும் என்பதால் ‘பெங்களூருவில் மலிவு’ என்ற கணக்கு பல நேரம் இடிக்கும்.

படி 7: வாங்கிய வாரத்தில்

எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். சத்தம் போடும் சைலன்சருக்குச் செலவழிக்காதீர்கள். போலீஸ் அபராதம் ஒருபுறம், பாதை ஓரத்து ஊர்க்காரர்களின் கோபம் மறுபுறம். அந்தப் பணத்தில் கட்டைகட்டையான ரப்பர் பிடிப்புள்ள மண் டயர் வரும். பிரேக், கிளட்ச் லீவர்களில் ஒரு ஜோடி உபரியாகப் பையில் இருக்கட்டும். சாய்ந்தால் முதலில் முறிவது அவைதான்.

மண்ணில் இறங்கும்முன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் பிடிமானம் கூடும். ட்யூப் டயரில் அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதால், கைப்பம்பு ஒன்றையும் படி 3இல் ஒதுக்கிய அந்த 10 ஆயிரத்திலேயே வாங்கிவிடுங்கள்.