விபத்துக்குப் பிறகு வாகனக் காப்புறுதி: திருகோணமலையில் நாம் செய்யும் தவறுகள்

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வரும் ஏ6 வீதியில் இரவில் ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். காட்டுப் பகுதியில் யானை நிற்கும். அதைத் தாண்டினால் தார் வீதியின் சூட்டுக்கு மாடு படுத்திருக்கும். நகருக்குள் வந்தால் புள்ளிமான் குறுக்கே பாயும். என் அக்காவின் மகன் அனுமதிப்பத்திரம் எடுத்த முதல் வருடத்திலேயே ஒரு மாட்டிலும் ஒரு மதிலிலும் மோதிவிட்டான். காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனபோது கட்டுப்பணம் ஏறியிருந்தது. அவனுக்குக் கிடைத்த ஆலோசனை இதுதான்: "வேறு கம்பனிக்குப் போ, விபத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே."

இதைவிடக் கேடான ஆலோசனை கிடையாது. காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். காப்புறுதி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் கேட்ட முக்கியமான விடயத்தை மறைத்தது பின்னால் தெரியவந்தால், நட்டஈட்டை மறுக்கக் கம்பனிக்கு வழி கிடைத்துவிடுகிறது. வருடம் முழுவதும் கட்டிய பணம் போக, பெரிய விபத்தன்று கையில் ஒன்றும் இருக்காது. பல வேளைகளில் மறைப்பவர் நாமும் அல்ல. முகவர் ஆங்கிலப் படிவத்தைத் தானே நிரப்பி, "இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டுவார். கையெழுத்து நம்முடையது என்பதால் பொறுப்பும் நம்முடையதுதான். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு மறைப்பும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியும் உப்புவெளியும் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கும். வீட்டுக் காரும் வானும் அந்த மாதங்களில் வாடகைக்கு ஓடும். காப்புறுதிப் பத்திரத்தில் மட்டும் 'தனிப்பட்ட பாவனை' என்றே இருக்கும். பயணிகளுடன் போகும்போது மோதினால், வந்து பார்க்கும் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது, உள்ளே இருந்தவர்கள் யார் என்பதைத்தான். வாடகைப் பாவனைக்குக் கட்டுப்பணம் கூடத்தான் செய்யும். அதைப் பருவத்துச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே சரி. காயப்படும் பயணிக்கு யார் பதில் சொல்வது என்பதையும் நினைக்க வேண்டும்.

கட்டுப்பணம் ஏறியதும் பலர், நம் வாகனத்தின் சேதத்தையும் ஏற்கும் முழுமையான காப்புறுதியைக் கைவிட்டு மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது அதைத்தான். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் அது போதும். ஆனால் அது நம்மால் பாதிக்கப்பட்ட மற்றவருக்கு உரியது. யானை மிதித்த நம் காருக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. அடிக்கடி மோதுகிறவருக்குத்தான் முழுமையான காப்புறுதி அதிகம் தேவை. செலவைக் குறைக்க வேண்டுமானால், ஒவ்வொரு விபத்திலும் முதல் குறிப்பிட்ட தொகையை நீங்களே ஏற்பதாகச் சொல்லி, அதற்குரிய கழிவைக் கேளுங்கள். அக்காவின் மகன் கடைசியில் அப்படித்தான் செய்தான்.

வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதும் இதே சிக்கனத்தில் பிறக்கும் தவறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது; பலருடைய பத்திரத்தில் பழைய பெறுமதியே நின்றது. சந்தையில் 60 இலட்சம் பெறும் காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். திருத்தச் செலவு 6 இலட்சம். சந்தைப் பெறுமதியில் எவ்வளவு பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ அந்த விகிதப்படி வழங்கும் விதி பத்திரத்தில் இருந்தால் கிடைப்பது 4 இலட்சம்தான். முழுச் சேதத்துக்கு மட்டுமே இந்தக் குறைப்பு என்று நம்புகிறவர்கள் பலர். சிறு சேதத்தையும் அது விடாது.

ஒவ்வொரு கீறலுக்கும் உரிமைகோருவதும் நட்டம்தான். உதாரணத்துக்கு, ஒரு இலட்சம் கட்டுப்பணத்தில் 40 சதவீதம் நோ கிளெய்ம் போனஸாக, அதாவது நட்டஈடு கோராமல் இருந்ததற்கான கழிவாக, குறைகிறது என்போம். 15,000 ரூபாய் பம்பருக்காக உரிமைகோரி, அந்த 40,000 ரூபாய்க் கழிவை இழக்க வேண்டுமா? அந்தப் போனஸ் பொதுவாக உரிமையாளருக்கு உரியது, வாகனத்துக்கு அல்ல. 'ஓபன் பேப்பரில்', அதாவது பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல், வாகனம் வாங்கி, பழைய உரிமையாளரின் பெயரிலேயே காப்புறுதியை ஓடவிடுகிறவர் அதை நம்பியிருக்கக் கூடாது. விபத்து நடந்தால் நட்டஈடு கேட்கும் உரிமையே அவருக்குக் கேள்விக்குறியாகிவிடும்.

காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரம், மது, பத்திரம் அனுமதிக்காத சாரதி: இவற்றில் எதற்கும் வாதாட இடமில்லை. மகாவலி பெருகினால் நீர் சூழும் மூதூர், வெருகல் பக்கத்தில் இருப்பவர்கள் வெள்ளச் சேதம் பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மாரிக்கு முன்பே பாருங்கள். அது தானாக வருவதில்லை. நீரில் நின்ற எஞ்சினை மட்டும் முடுக்கிப் பார்க்காதீர்கள்.

மோதியவுடன், காயப்பட்டவரைக் கவனித்தபின், வாகனத்தை நகர்த்துவதற்கு முன்பே கம்பனிக்கு அழையுங்கள். பக்கத்துக் கராஜில் திருத்திவிட்டு ரசீதோடு போகிறவருக்குப் பணம் கிடைப்பது அரிது. கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள். அதற்குப் பிறகும் தீராவிட்டால் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதங்களைத்தான்.