விருது பாட்டுக்கா, பாடினவருக்கா?

போன தைப்பொங்கலுக்கு எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் பொது அறிவுப் போட்டி வைத்தோம். கேள்விகள் எழுதியது நான். "‘ஜெய் ஹோ’ பாட்டுக்காக விருது வாங்கியவர்கள் எத்தனை பேர்?" ஒரு குழு இரண்டு என்றது, மற்றது மூன்று என்றது. என் தாளில் இருந்தது இரண்டு. மூன்று என்றவர்களுக்குப் புள்ளி இல்லை.

முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பெடியன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அண்ணை, இதைப் பாருங்கோ." பார்த்தேன். ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தின் அந்தப் பாட்டுக்கு 2009இல் ஒஸ்கார் வாங்கியவர்கள் இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மானும் வரி எழுதிய குல்சாரும். 2010இல் அமெரிக்க இசை விருதான கிராமி, திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதப்பட்ட பாடல்களுக்கான பிரிவில் அதே பாட்டுக்குக் கிடைத்தபோது தன்வி ஷாவும் சேர்ந்து மூன்று பேர். பாட்டின் நடுவே வரும் ஸ்பானிய வரிகள் அவர் எழுதியவை. எந்த விருது என்று கேட்காமல் கேள்வி எழுதினால் இப்படித்தான்.

அதே பாட்டைப் பாடிய சுக்விந்தர் சிங்குக்கு ஒஸ்கார் கிடைத்தது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒஸ்காரின் பாடல் விருது இசையமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும்தான். 2023இல் ‘ஆர்.ஆர்.ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ வென்றபோது சிலை போனது கீரவாணியிடமும் சந்திரபோஸிடமும். மேடையில் பாடிய ராகுல் சிப்லிகஞ்சும் கால பைரவாவும் வெறுங்கையோடு திரும்பினார்கள். நாங்கள் இங்கே கேட்ட ‘நாட்டுக் கூத்து’ மதன் கார்க்கி எழுதிய தமிழ் வரிகள். விருதோ தெலுங்குப் பாட்டுக்கு. அப்ப 2013இல் ஆங்கிலப் பாடகி அடேல் எப்படி வாங்கினார்? ‘ஸ்கைஃபோல்’ பாட்டை அவர் பாடியது மட்டுமில்லை, பால் எப்வர்த்தோடு சேர்ந்து எழுதியும் இருந்தார்.

இந்தியாவின் தேசிய விருதில் கதை வேறு. அங்கே பாடலாசிரியருக்குத் தனி, பாடகருக்குத் தனி. ‘சைவம்’ படத்தின் ‘அழகு’ பாட்டுக்கு நா.முத்துக்குமாரும் வாங்கினார், பாடிய சிறுமி உத்ரா உன்னிகிருஷ்ணனும் வாங்கினார். அது 2014ஆம் ஆண்டுக்கான விருது, கொடுத்தது 2015இல். ஆண்டு கேட்கும்போது படம் வந்த ஆண்டா, விழா நடந்த ஆண்டா என்று சொல்லிவிடுங்கள்.

பரிந்துரையை வெற்றியாக்குவது இன்னொன்று. அடேல் வென்ற அதே 2013இல் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு, ‘லைஃப் ஒஃப் பை’ படத்துக்காகப் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஒஸ்கார் பட்டியலில் ஒரு தமிழ்த் தாலாட்டு இருந்ததே பெரிய விஷயம்தான், ஆனாலும் வென்றதாக எழுதக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தவறு இன்னும் ஆசையாக நடக்கும். சிறு வயதில் இங்கே வளர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., ஒஸ்கார் வாங்கினார் என்று சத்தியம் செய்பவர்களை எனக்குத் தெரியும். ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தின் ‘ஓ சாயா’ பாட்டுக்கு ரஹ்மானோடு அவர் பெயரும் பட்டியலில் இருந்தது உண்மை. தோற்றது வேறு யாரிடமும் இல்லை, அதே படத்தின் ‘ஜெய் ஹோ’விடம். சிலர் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைச் சொல்வார்கள். அது படத்தில் வருகிறதுதான், ஆனால் 2007இலேயே அவருடைய அல்பத்தில் வந்துவிட்டது. படத்துக்கென்றே புதிதாக எழுதிய பாட்டு இல்லையென்றால் ஒஸ்கார் எட்டிப் பார்க்காது.

சரி, அந்தப் பெடியனின் குழுவுக்கு மறுநாள் புள்ளியைத் திருத்திக் கொடுத்தோம். கணக்குப் பார்த்தால் முதலிடம் அவர்களுக்குத்தான். பரிசுச் சுவர் மணிக்கூடு அதற்குள் மற்றக் குழுத் தலைவர் வீட்டில் ஆணியடித்து மாட்டியாயிற்று.