தளபாடமும் பேன்ட்ரி கபேட்டும் செய்யத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வீட்டுத் தளபாடம், பேன்ட்ரி கபேட் வேலைகளுக்குப் புதிதாக இறங்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். கருவிகள் நல்லவை, கணினியில் படம் வரையத் தெரியும், முடிப்பும் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மூத்த பாஸ்மார் ஒரு காலத்தில் விழுந்து எழும்பிய அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். அளவு மாறி வெட்டுவது, பலகை தெறிக்கத் துளை போடுவது போன்றவை முதல் மாதத்திலேயே தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுவோம். வேலை முடிந்து, காசும் கைக்கு வந்து, ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட வைக்கும் பிழைகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சீசன் பண்ணின மரம் என்று பில்லில் இருக்கிறதே!

சீசன் பண்ணினது, அதாவது காயவைத்தது என்று பில்லில் இருப்பதை நம்பி அளக்காமல் மரம் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் காசு தின்னும் பிழை. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதால் எரிச்சலும் அதிகம்.

மரம் ஒரு தரம் காய்ந்தால் காய்ந்தபடியே இருந்துவிடாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்கேற்ப ஈரத்தை இழுக்கும், விடும். நூறு வருடப் பழைய கதவுப் பலகையும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 75 முதல் 85 சதவீதம். அந்தக் காற்றில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகை 15, 16 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். சூளையில் 10 சதவீதத்துக்கு இறக்கிய பலகையானாலும், மரக்காலையின் தகரக் கொட்டகைக்குள் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் மெல்ல மெல்ல அதே இடத்துக்கு ஏறிவிடும். பில்லில் எழுதியது சூளையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு உண்மை. நீங்கள் வாங்கும் அன்றைக்கு உண்மையா என்று அளந்தால்தான் தெரியும்.

இப்போது அந்தப் பலகை மேசையாகி ஏசி அறைக்குள் போகிறது. ஏசி நாள் முழுக்க ஓடும் அறையில் ஈரப்பதம் 50, 55 சதவீதத்துக்கு இறங்கும். அங்கே மரம் 9, 10 சதவீதத்துக்கு வரும்வரை காய்ந்துகொண்டே போகும். இடையில் உள்ள 6 சதவீத வித்தியாசம்தான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். மரத்தின் வளர்ச்சி வளையங்கள் அகலத்தோடு இணையாகப் போகும்படி அறுத்த தேக்குப் பலகை, ஒவ்வொரு சதவீத ஈரம் குறையும்போதும் அகலத்தில் ஏறத்தாழ 0.19 சதவீதம் சுருங்கும். மஹோகனி 0.24 சதவீதம். 900 மி.மீ. அகலச் சாப்பாட்டு மேசை என்றால் தேக்கில் 10 மி.மீ., மஹோகனியில் 13 மி.மீ. நீளப்பாட்டில் சொல்லும்படியாக எதுவும் நடக்காது. அகலம் சுருங்குகிறது, நீளம் அப்படியே இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்து கட்டிய எதுவும் வெடிக்கும்.

கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. மஹோகனி மேசைத் தட்டு, பார்க்க அருமையான வேலை. அடியில் குறுக்குச் சட்டம் வைத்து ஒரு சாணுக்கு ஒரு ஸ்க்ரூ இறுக்கி, அதற்கும் மேலே பசையும் பூசியிருப்பார்கள். வலுவாக இருக்கட்டும் என்றுதான். சில மாதத்தில் தட்டின் தலைப்பில் மயிரிழை போல ஒரு கோடு விழும். பிறகு அதற்குள் தபால் அட்டை நுழையும் அளவுக்கு அகலும். பாஸ் வந்து மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துப் பாலிஷ் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்காரர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போக, ஏசி நின்று, மழைக்காற்று உள்ளே வர, மரம் திரும்ப ஊதும். அடைத்த இடம் இப்போது ஆப்பாக நின்று பக்கத்தில் இன்னொரு வெடிப்பைக் கிளப்பும். கடைசியில் தட்டையே மாற்ற வேண்டும். மரத்தின் விலை, கூலி, லொறி, மின்தூக்கி எல்லாம் இரண்டாவது தடவை, செய்தவரின் கைக்காசில்.

பாலிஷ் தடுக்காதா என்று கேட்பார்கள். தடுக்காது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதையும் மேல்பக்கம் மட்டும் அடித்து அடிப்பக்கத்தைப் பச்சையாக விட்டால் ஒரு பக்கம் விரைவாகக் காய்ந்து தட்டு வளையும். எத்தனை கோட் மேலே அடிக்கிறீர்களோ அத்தனை கோட் அடியிலும் அடியுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்குங்கள். ஒரு மேசைத் தட்டின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை. பலகையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்க்காதீர்கள், தோலின் ஈரமும் உள்ளே இருக்கும் ஈரமும் ஒன்றாக இராது. தலைப்பிலிருந்து ஓரடியாவது தள்ளிக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தின் நடுவில் குத்துங்கள். மர வகையை மாற்றி வைக்கும் வசதி கருவியில் இருந்தால் அதைச் சரியாக வையுங்கள். கருவியை நம்ப முடியாவிட்டால் அதே இடத்தில் 25 மி.மீ. தடிப்பில் ஒரு துண்டு வெட்டி உடனே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஓவனில் 103 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை சில மணிக்கு ஒருமுறை நிறுங்கள். எவ்வளவு நிறை குறைந்ததோ அதைக் காய்ந்த நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரச் சதவீதம். 58 கிராம் துண்டு 50 கிராமில் நின்றால் 16 சதவீதம்.

பட்டறைக்கு வந்த பலகையை நிலத்தில் போடக்கூடாது, சுவரில் சாய்க்கவும் கூடாது. 25 மி.மீ. சதுரச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்க வேண்டும். தலைப்பு இரண்டுக்கும் பெயின்ட் பூசினால் முனை வெடிப்பு குறையும். கொட்டகையில் எவ்வளவு நாள் வைத்தாலும் கொழும்புக் காற்றில் 15க்குக் கீழே பெரிதாக இறங்காது என்பதையும் மனதில் வையுங்கள். ஏசி அறைக்குப் போகும் மரத்தைப் பட்டறையில் ஒரு சிறு அறையை அடைத்து, ஈரம் இழுக்கும் மெஷின் போட்டு, வாராவாரம் அளந்து, இரண்டு அளவு ஒன்றாக நின்ற பிறகுதான் சீவ வேண்டும். சீவிய பிறகும் இரண்டு, மூன்று நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பலகை முறுக்கிக் காட்டிவிடும், அப்போது இழப்பு வெறும் பலகை மட்டும்தான்.

பிறகு, என்ன செய்தாலும் மரம் அசையும் என்று வைத்தே கட்டுங்கள். மேசைத் தட்டைச் சட்டத்தில் பூட்டும்போது நடு ஸ்க்ரூ ஒன்று மட்டும் இறுக்கம். மற்ற ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில் நீள்துளை, 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 15 மி.மீ. நீளம். அந்த நீளம் தட்டின் அகலப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், வாஷர் கட்டாயம், பசை வேண்டாம். அலுமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் மிதக்க விடுங்கள்: காடி 12 மி.மீ. ஆழம் என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டு, ஒரு சொட்டுப் பசையும் படாமல். நடுப்பலகைக்குச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்னரே பாலிஷ் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

பச்சை நிற எம்.டி.எஃப்.

எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை. அதில் பச்சை என்பது சாயம். தண்ணீர் தாங்கும் பலகை என்பதற்கு அது மட்டும் அத்தாட்சி ஆகாது. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தண்ணீரில் ஒரு நாள் போட்டு, போடுமுன்னும் பின்னும் தடிப்பை அளந்து பாருங்கள். பிளைவூட்டுக்கும் 'மரைன்', அதாவது தண்ணீர் தாங்கும் தரம், என்று வாயால் சொன்னால் போதாது, முத்திரையைப் பாருங்கள். இந்தியப் பலகையில் ஐ.எஸ். 710 என்று இருந்தால் மரைன் தரம், ஐ.எஸ். 303 வேறு. சந்தேகம் என்றால் ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். நல்ல மரைன் பலகை தட்டுப் பிரியாது.

சிங்க் கபேட்

பேன்ட்ரியில் முதலில் அழுகுவது இந்தப் பெட்டிதான். அதுவும் பெரும்பாலும் பைப்புக்காகப் போட்ட ஓட்டையிலிருந்தே தொடங்கும். முன் ஓரத்துக்கு அழகாகப் பட்டி ஒட்டிவிட்டு, பின் ஓரத்தையும் அடி ஓரத்தையும் ஓட்டையின் உள்விளிம்பையும் எதுவும் பூசாமல் விடுகிறார்கள். தண்ணீர் முன்பக்கமாக வருவதில்லை. வெட்டிய ஒவ்வொரு முகத்தையும் அடைக்க வேண்டும். ஓட்டைக்கு எபொக்ஸியோ இரண்டு கோட் பொலியுரேதேனோ, பிறகு பைப்பைச் சுற்றி சிலிகோன். பெட்டியை நிலத்தில் வைக்கவே கூடாது. நம் வீடுகளில் குசினியைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறோம். 100 மி.மீ. பிளாஸ்டிக் கால், முன்னால் கழற்றிப் போடும் பட்டை.

டைல் ஒட்டுமுன் அளவெடுப்பது

எடுக்காதீர்கள்.

சுவர் நேர் என்று நம்புவது

பூச்சு முடிந்த சுவருக்கும் வயிறு இருக்கும். நிலத்தருகே, கவுண்டர் உயரத்தில், மேல் கபேட் உயரத்தில் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுங்கள். மூலையில் 50 மி.மீ. நிரப்புப் பட்டை விடாவிட்டால் ஒரு பக்கத்து லாச்சி மறுபக்கத்துக் கைப்பிடியில் முட்டித் திறக்காது. ஓவன் கைப்பிடி இன்னும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

தட்டு தொய்வது

18 மி.மீ. சிப்போர்ட் தட்டுக்கு 600 மி.மீ. போதும். அதே தட்டை 900 ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்கு, தொய்வு ஐந்து மடங்கு. அரிசியும் பருப்பும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் வைக்கும் இடத்தில் இது ஒரு வருடம் தாங்காது. நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள், அல்லது முன் ஓரத்தில் 40 மி.மீ. மரச் சட்டம் நிமிர்த்தி ஒட்டுங்கள்.

வெள்ளை மரம்

ரப்பர், மாங்காய் மரப் பலகைகளும் பலாவின் வெளிர்ப் பகுதியும் உளுத்துப்போகும். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரில் ஊறியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். நடுவில் உள்ள கெட்டியான வைரத்தை மட்டும் எடுத்து வெள்ளையைக் கழித்துவிட்டால் பலா போல ஒரு மரம் இல்லை.

கடற்காற்றும் பிணைச்சலும்

பழைய சோனகத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் முலாம் பூசிய பிணைச்சல் மாளிகாவத்தையில் ஓடும். வெள்ளவத்தை, தெஹிவளை கடற்பக்க வீட்டில் துருப்பிடிக்கும். அங்கே எவர்சில்வர் போடுங்கள். ஜன்னல் ஓரத்துக்கு எவர்சில்வரில் 304 தரத்திலும் கறை ஏறும், 316 வேண்டும்.

அலுமாரி நிமிராது

2400 மி.மீ. உயரம், 600 மி.மீ. ஆழம் உள்ள அலுமாரியைப் படுக்க வைத்து நிமிர்த்த 2474 மி.மீ. உயரம் தேவை. பொய்க்கூரை 2450இல் இருந்தால் அது நிமிராது. அடிப்பீடத்தைத் தனியாகச் செய்து, பெட்டியை அதன் மேல் தூக்கி வையுங்கள். மின்தூக்கிக் கதவையும் முன்னரே அளந்துகொள்ளுங்கள்.

காஸ் சிலிண்டர்

12.5 கிலோ சிலிண்டரை ரெகுலேட்டரோடு சேர்த்து அளந்துதான் இடம் ஒதுக்க வேண்டும். முடிந்தால் சிலிண்டர் வெளியே, குழாய் உள்ளே. உள்ளேதான் என்றால் கதவின் அடியிலும் பெட்டியின் அடித்தட்டிலும் காற்றுத் துவாரம் கட்டாயம். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழே தேங்கும். மேலே மட்டும் துவாரம் போட்டுப் பயனில்லை. 2021 கடைசியில் நாடெங்கும் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளைப் பார்த்த பிறகும் மூடிய பெட்டி கேட்கும் வீட்டுக்காரருக்கு மறுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கவுண்டர்

உயரம் 850 என்று எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு போடாதீர்கள். சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து 100 முதல் 150 மி.மீ. குறையுங்கள். அடுப்பு இருக்கும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினால் பெரிய சட்டியில் கிளறுவது சுலபம். இன்னொன்று, மேசையில் பூட்டும் தேங்காய்த் துருவலை. கருங்கல் கவுண்டர் கபேட்டோடு சமமாக நின்றால் அதைப் பூட்ட இடமே இராது. சிங்க்குக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் 60 மி.மீ. வெளியே நீட்டி, அதன் கீழே லாச்சி வராமல் விடுங்கள். விளிம்பை இரட்டைக் கல்லாக ஒட்டுவதானால், வீட்டில் உள்ள துருவலையின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள், 40 மி.மீ. விளிம்பைக் கவ்வாத துருவலைகள் உண்டு.