பூவரச இலைப் பீப்பீ: வெறும் காற்று மட்டும் வந்தால் என்ன செய்வது?

மகளுக்காகப் போன வாரம் பூவரச இலையில் பீப்பீ சுருட்டினேன். ஏழெட்டு இலை போன பிறகும் ‘புஸ்’ என்று காற்றுதான் வந்தது. எங்கே தவறியது என்று உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்டது இது.

1. கொழுந்து இலை வேண்டாம், துவண்டு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் தட்டியது சுருட்டும்போதே கிழியும். உள்ளங்கை அகலத்தில் கரும்பச்சையாக இருப்பதைப் பறியுங்கள். பின்பக்கம் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கழுவித் துடையுங்கள்.

2. காம்பைக் கிள்ளுங்கள். நடு நரம்பு அடியில் புடைத்திருக்கும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சீவிவிடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், அது இலையையும் சேர்த்து வெட்டிவிடும்.

3. ஓர் ஓரத்திலிருந்து சற்றுச் சாய்வாகச் சுருட்டுங்கள். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் வரும்.

4. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். குறுகிய முனையைப் பல்லால் கடித்து நசுக்கினேன். குழாயின் வாய் முழுதாக மூடிக்கொண்டது. பல் வேண்டாம், இரண்டு விரலால் ஒரு நகத்தின் நீளத்துக்கு லேசாக அழுத்துங்கள். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பாதி மூடிய கண் மாதிரி மெல்லிய பிளவு தெரிய வேண்டும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியும் இப்படித்தான். இரண்டு பக்கமும் அதிர்ந்து ஒன்றோடொன்று மோதினால்தான் ஒலி. பிளவு மூடிவிட்டதா? இலையைத் தூக்கிப் போடாதீர்கள். இரு ஓரங்களையும் பக்கவாட்டில் மெதுவாக அமுக்கினால் திறந்துகொள்ளும்.

5. நசுக்கிய பகுதி முழுவதும் வாய்க்குள் போகட்டும். உதடு அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அதன் மேல் அழுத்தினால் அதிர்வு நின்றுவிடும். சரி, இப்போது பலமாக ஊதுங்கள்.

பெரிய இலை கனத்த குரலில் ஒலிக்கும். அகன்ற முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டே வந்தால் குரல் கீச்சென்று ஏறும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு மணி நேர விளையாட்டு.

பின்சேர்க்கை: சின்னக் குழந்தைகள் கையில் சுருள் பிரிந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். நடுவில் வாழைநாரால் ஒரு சுற்றுக் கட்டுங்கள். இறுக்கிவிடாதீர்கள், குழாய் நசுங்கிவிடும். செல்லோடேப் ஈர இலையில் நிற்காது.

நேற்று எங்கள் வீட்டில் பொம்மைக் கல்யாணம். இரண்டு பீப்பீ, தவிலுக்குக் கொட்டாங்குச்சி, மாப்பிள்ளை தலையில் ஒரு பூவரசம்பூ. காலையில் மஞ்சளாக இருந்த பூ சாயங்காலம் சிவந்துவிட்டது. “மாப்பிள்ளை வெட்கப்படுறாருப்பா” என்றாள் மகள்.