சேவைத் திட்டத்தில் பொறியியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

மூன்றாம் ஆண்டில் எங்கள் குழு ஒரு பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குத் தானியங்கிக் கருவி செய்து கொடுத்தது. தொட்டி மூடியின் அடியில் ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், கீழே ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, மோட்டாரை அணைக்க ஒரு ரிலே ஸ்விட்ச். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். திறப்பு விழா, கைதட்டல், குழுப்படம் எல்லாம் ஆயிற்று.

அடுத்த செமஸ்டரில் எட்டிப் பார்த்தால் கருவியின் ஒயரைக் கழற்றிவிட்டு, வாட்ச்மேன் பழையபடி கையால்தான் மோட்டாரைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். மூடிய தொட்டியின் ஈரம் சென்சாரின் முகத்தில் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அது வெறும் தொட்டியையும் நிறைந்த தொட்டி என்று எண்ணி மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வழிகிற சத்தம் கேட்டதும் அவர் எழுந்துபோய் அணைத்துவிடுவாராம். தொட்டி வழிவது அங்கே ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. "கழிப்பறையில ரெண்டு குழாய் ஒழுகுது தம்பி, அதத்தான் யாரும் பாக்கல" என்றார். நாங்கள் கேட்கவே இல்லையே!

தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு பிரச்சினையைத் தேடிப் போவதுதான் முதல் தவறு. லேபில் சென்சார் இருந்தது, அதனால் அதற்கு ஒரு தொட்டியைத் தேடினோம். பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலேறும் என்ற 'பிளேபம்ப்' தென்னாப்பிரிக்காவில் பிரபலமாகி, 2006இல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. சொன்ன அளவுக்குத் தண்ணீர் கிடைக்க, குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பின்னால் ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது. பல இடங்களில் கடைசியில் பெண்கள்தான் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள். ஆக, வரைபடம் போடுவதற்கு முன் இரண்டு மூன்று தடவை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். தினமும் அந்த மோட்டாரைத் தொடுகிறவரிடம் பேசுங்கள்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. குழுத் தலைவன் நான். ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று சால்டரிங், புரோகிராம் கோடு எல்லாவற்றையும் இரவோடு இரவாக நானும் ஒரு சீனியரும் முடித்தோம். அப்போது அதைப் பொறுப்புணர்வு என்று நினைத்துக்கொண்டேன். கருவி கெட்டபோது சீனியர் படிப்பை முடித்துப் போய்விட்டார், கோடு அவருடைய லேப்டாப்போடு போய்விட்டது. ஜூனியர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

கல்லூரிக் குழுவில் ஆள் வருடா வருடம் மாறும். இது தெரிந்த விஷயம்தான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய 'எபிக்ஸ்' என்ற மாணவர் சேவைத் திட்டத்தில் முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள், ஒரு வேலையைப் பல செமஸ்டர்கள் தொடர்ந்து செய்வார்கள். அவ்வளவு ஏற்பாடு உங்களால் முடியாவிட்டாலும் சர்க்யூட் படம், உதிரிப் பாகங்களின் பட்டியல், கோடின் பிரதி ஆகியவற்றைக் குழுவிடம் விட்டுச் செல்லுங்கள். 'இது நின்றால் இதைச் செய்க' என்று பயன்படுத்துபவரின் மொழியில் ஒரு தாள் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் களப்பணி வைத்துக்கொள்வது, படத்துக்காகக் குழந்தைகளை வெயிலில் நிறுத்துவது, எத்தனை மணி நேரம் சேவை செய்தோம் என்று எண்ணிக்கொண்டிருப்பது.

தோல்வியை மறைப்பதை மட்டும் சில்லறையில் சேர்க்க மாட்டேன். 'எஞ்சினியர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் கனடா' என்ற பொறியாளர் தொண்டு அமைப்பு தன் தோல்விகளைத் தொகுத்து 2008 முதல் அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. நானோ ரெஸ்யூமேயில் 'தானியங்கி நீர் மேலாண்மை' என்று பெருமையாகப் போட்டிருந்தேன். இன்டர்வியூவில் ஒருவர், "இப்பவும் ஓடுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொல்லப் பழகினேன்.

பிறகு ஒருநாள் ஜூனியர்களோடு அதே பள்ளிக்குப் போனோம். ஒரு ஸ்பேனர், டெஃப்லான் டேப், இரண்டு குழாய்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஸ்பேனரை நான் தொடவில்லை. கிளம்பும்போது வாட்ச்மேன் சொன்னார்: "வாசர் நாலு கூடுதலா வச்சிட்டுப் போங்க தம்பி, அடுத்த தடவ நானே மாத்திக்கிறேன்."