பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் உண்ணுதல் கோளாறிலிருந்து மீண்டு வருகிற பிள்ளையிடம் வீட்டில் எல்லோரும் பாசமாகச் சொல்வது இதைத்தான்: "பசிக்கிறப்ப சாப்பிடு கண்ணு, யாரும் வற்புறுத்தல." கொடைக்கானல் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்த என் தங்கையிடம் அந்த மார்கழியில் நாங்களும் இதையேதான் சொன்னோம். தப்பு. மாதக்கணக்கில் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்த உடம்புக்குப் பசி நேரத்துக்கு எடுக்காது. இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், நாலு வாய் உள்ளே போனதுமே வயிறு கல்லாகிவிடும், ஆனால் சாப்பாடு அதிகம் தேவைப்படுவதும் அதே சமயத்தில்தான். அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை ஏதாவது பலகாரம் அல்லது பால். அந்த வயிற்று உப்புசம் வாரக்கணக்கில் இருக்கும், தொடர்ந்து சாப்பிடச் சாப்பிடத்தான் குறையும்.

அதற்காக, மிகவும் மெலிந்து போனவருக்கு முதல் நாளே கறியும் சோறுமாக அள்ளிப் போட்டுத் தேற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள், இது உயிருக்கே ஆபத்து. பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போகும்போது ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். தொடக்கத்தில் எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும். மயக்கம், படபடப்பு, காலில் வீக்கம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் கேரட். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் கேரட் எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும், அவள் நாள் முழுக்க அதையே கடித்துக்கொண்டிருந்தாள், காய்தானே, நல்லதுதானே என்று விட்டுவிட்டோம். ஒருநாள் இட்லித் தட்டை வாங்கக் கை நீட்டினாள், உள்ளங்கை முழுக்க மஞ்சள். காமாலை என்று பதறி ஓடினோம். டாக்டர் கண்ணைப் பார்த்தார், வெள்ளையாகத்தான் இருந்தது. கேரட்டிலிருக்கும் கரோட்டின் என்ற நிறமி தோலில் படிந்திருக்கிறது என்றார். வெறும் காயும் சாலடும் வயிற்றை அடைத்துவிட்டு, தேவையான சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதே மலையில் விளைகிற பட்டர் ஃப்ரூட்டைப் பாலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுத்துப் பாருங்கள், ஒரு டம்ளரிலேயே நல்ல கொழுப்பும் சத்தும் போய்விடும், வயிறும் அவ்வளவாகக் கனக்காது. பருப்புச் சோற்றில் தாராளமாக நெய், முட்டை, கடலை உருண்டை, மலைவாழை, எண்ணெய் விட்டு வறுத்த உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வரக்காப்பி வேண்டாம், பசியை மட்டுப்படுத்தும், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும்.

தைப்பூச விரதம், ஏரியைச் சுற்றித் தினமும் நடை, இரண்டுமே நல்ல பெயரில் வந்து நோய்க்குத் துணை போகக்கூடியவை. டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளி வைக்கலாம், முருகன் கோபிக்க மாட்டார்.

டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன தொடக்க நாட்கள் தாண்டியதும் சிலருக்கு நேர்மாறாக, எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி வரும். வீட்டார் பயந்துபோய் "போதும்மா" என்று தட்டை இழுக்கக் கூடாது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45ல் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களில் பலருக்கு மறுபடி வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் பசி தீரவில்லை. இழந்ததை உடம்பு திரும்பக் கேட்கிறது, கொடுங்கள்.

விருந்தாளிகள் வந்தால், உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "இப்பதான் சதை போட்டு அழகா இருக்க" என்று எங்கள் அத்தை மனதாரச் சொன்ன அன்று இரவு என் தங்கை தட்டையே தொடவில்லை.

கடைசியாக ஒரு தப்பு, எடை கூடியதும் நிறுத்திவிடுவது. நின்றுபோன மாதவிடாய் திரும்பவும், எலும்பு தேறவும், சாப்பாட்டைக் கண்டதும் வரும் பயம் விலகவும் இன்னும் நாளாகும், மனநல டாக்டரையும் விடாமல் பாருங்கள். மலையிலிருந்து இறங்க முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் பதினோரு மணிப் பாலும் கடலை உருண்டையும் இன்னும் நிற்கவில்லை. மணி அடித்ததும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.