ஹைட்ராலிக் பவர் பேக்: ஆயில் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போவோம்

பட்டறையில் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டாங்க், அதன் மேல் மோட்டார், சில ஹோஸ்கள், ஒரு பிரஷர் கேஜ் என்று நிற்குமே, அதுதான் பவர் பேக். பாகங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள், போதும்.

1. டாங்கிலிருந்து ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) வழியாக ஆயில் பம்புக்கு வருகிறது. ஒரு சுற்றுக்கு 14 சிசி ஆயில் தரும் கியர் பம்பை 1,440 ஆர்பிஎம் மோட்டார் சுற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் கிடைக்கும்.

2. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பம்ப் தருவது ஓட்டம்தான், பிரஷர் அல்ல. ஆயிலின் பாதையில் தடை வந்தால்தான் பிரஷர் ஏறும். பிரஸ்ஸின் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சும்மா இறங்கும்போது கேஜ் முள் அடியிலேயே கிடக்கும். வேலைப்பொருளைத் தொட்டதும் விர்ரென்று ஏறும். இது புரிந்துவிட்டால் பாதி ஹைட்ராலிக்ஸ் கைக்கு வந்துவிடும். "பிரஷர் வரவில்லை" என்றதும் பம்பைக் கழற்றுகிறார்களே, அதற்கு முன் ஆயில் வேறெங்காவது சுலபமாக டாங்குக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் சரி.

3. தடை அளவுமீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலை டாங்குக்கே திருப்பிவிடும். அதை 150 பாருக்கு (பார் என்பது பிரஷரின் அலகு) வைத்தால், 100 மிமீ உள்விட்டம் உள்ள சிலிண்டர் ஏறக்குறைய 12 டன் விசையோடு அழுத்தும். பிஸ்டன் வேகம் நொடிக்கு 4 செமீ சொச்சம். 150 பாரை நிமிடத்துக்கு 20 லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் தேவையான பவர் 5 கிலோவாட். பம்பின் இழப்பையும் சேர்த்தால் 7.5 எச்பி மோட்டார் வேண்டும்.

4. டைரக்‌ஷன் வால்வு பிஸ்டனை ஏற்றி இறக்கும். வெளியேறும் ஆயில் ரிட்டர்ன் ஃபில்டர் வழியாக டாங்குக்குத் திரும்பும்.

5. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சுத்தமான ஆயிலை நிரப்பி, ரிலீஃப் வால்வை முழுக்கத் தளர்த்துங்கள். மோட்டாரை ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டு, பம்பில் உள்ள அம்புக்குறிப்படி சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் சப்ளையை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இரண்டு ஃபேஸை மாற்றுங்கள். அப்புறம் லோடு இல்லாமல் சிலிண்டரைச் சில முறை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, டாங்கில் குறைந்த ஆயிலை ஊற்றிவிட்டு, பிரஷரை மெதுவாக ஏற்றுங்கள்.

6. லீக்கைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் கடுகளவு தெரிந்தாலும் வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.